சுவருக்கு வெளியே ஒரு கிளாஸ் கரும்புச்சாறு

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க, தம்பி. முன்சீட்டில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, அவள் என் மகள். கோமதி. வீட்டில் கோமு. மேலே கம்பித் தட்டில் கிடக்கிற ஹாக்கி மட்டை அவளுடையதுதான். மட்டையைப் பார்த்ததும் 'ஜெயிச்சாச்சா' என்று கேட்டுவிட்டீர்கள். அவள் காதில் விழாமல் போனது நல்லதாயிற்று. இல்லை தம்பி, தோற்றுவிட்டோம். விருதுநகரில் இன்றைக்கு ஃபைனல். ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

சேச்சே, நீங்கள் எதற்கு வருத்தப்படுகிறீர்கள். தோற்றதில் எனக்கு வெட்கம் இல்லை. என் வெட்கம் வேறே. நீங்கள் கோவில்பட்டி வரைக்கும் வருகிறீர்கள்தானே? அப்படியானால் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்களிடம் சொல்ல வாய் வராது. நீங்கள் யாரோ, நான் யாரோ. பஸ்ஸை விட்டு இறங்கினால் அவரவர் வழி.

என் பெயர் ஆவுடையப்பன். தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். லாரி முதலாளியுடையது. ஊர் இலந்தைக்குளம், கோவில்பட்டிக்குத் தெற்கே. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற ஊரில் கிரிக்கெட் மட்டையைச் சுழற்றிக்கொண்டு திரிகிற வயதில், இங்கே பிள்ளைகள் வளைந்த கருவேலங்கம்பாகப் பார்த்து ஒடித்து வந்து தெருவில் பந்தை உருட்டுவார்கள். முன்பெல்லாம் பையன்களுக்குத்தான் டீம். பெண் பிள்ளைகளுக்கு ஏசுவடியான் சார் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். எல்லாம் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள்.

ஆரம்பத்தில் போகிற ஊரிலெல்லாம் தோல்விதான். போகும்போது வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள், வரும்போது அழுதுகொண்டே முறுக்குத் தின்றுகொண்டு வருவார்கள். பிறகு இந்த மாசியில் என்ன ஆயிற்றோ, ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஊர், இரண்டு ஊர் இல்லை தம்பி, போன ஊரிலெல்லாம். பெரிய பெரிய ஹாஸ்டல் டீம், முட்டையும் பாலும் குடித்து வளர்ந்த பிள்ளைகள், அவர்களையே தோற்கடித்துவிட்டு வந்தார்கள். பாத்திரக்கடை வேலாயுதம் அண்ணாச்சிதான் எங்கள் ஊர் ஹாக்கி கிளப்புக்குத் தலைவர். அவர் கடை வாசலில் கோப்பைகளை அடுக்கி வைத்தார். குத்துவிளக்கு வாங்க வந்தவர்களெல்லாம் கோப்பைக்கு விலை கேட்டார்கள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் உட்கார்ந்தால் இதே கேள்வி. "ஆவுடை, உன் மக டீம் இன்னும் ஜெயிச்சிக்கிட்டுத்தான் இருக்கா?" ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள். இது எத்தனை நாளைக்கு, சின்னப் பிள்ளைகள்தானே, ஒரு அடி விழுந்தால் உட்கார்ந்துவிடும் என்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வி லாரியில் என்கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லை, தம்பி. ஜெயிக்க ஆரம்பித்த பிறகுதான் அது பிடித்துக்கொண்டது.

நான் மேட்சுக்கெல்லாம் போனதில்லை. லாரி நடையை விட்டுவிட்டு எங்கே போக? என்னால் ஆனது ஒன்றே ஒன்று. சாயங்காலம் கடைசி நடை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை எங்கள் மைதானத்தில் விட்டுவிட்டு வருவேன். தை பிறந்ததிலிருந்து தினமும் செய்தேன். முதலாளிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். எங்களுடையது செம்மண் சரளை மைதானம். காய்ந்து கிடந்தால் புழுதி கணுக்கால் வரை ஏறும். லாரிக்குப் பின்னால் துளை போட்ட குழாயைக் கட்டி நாலு சுற்றுச் சுற்றினால் புழுதி அடங்கிவிடும், தரை இறுகிவிடும், பந்து கோடு போட்ட மாதிரி ஓடும். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே ஓடிவருவார்கள். அதையெல்லாம் ஒரு உதவி என்று சொல்லக்கூடாது. எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர்.

டீமுக்கு நான் செய்த உதவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறே.

ராசி, தம்பி. ராசியைக் கட்டிக் காப்பாற்றியது நான். ஜெயித்த அன்றைக்கு எந்த வேன் போனதோ அதே வேன்தான் போகவேண்டும் என்றேன். டிரைவருக்குக் காய்ச்சல் என்றபோதுகூட அவனை எழுப்பிக் கூட்டிவந்தேன். கோமு நீல ரிப்பன் கட்டியிருந்தாள், இனிமேல் நீல ரிப்பன்தான் என்றேன். கோல்கம்பத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் புதைக்கச் சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவேன். போகிற வழியில் யாரும் 'ஜெயிச்சிட்டு வாங்க' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லவேண்டும். சார் சிரிப்பார். "என்ன ஆவுடையப்பன், பந்தை நிறுத்துறது பிள்ளைகளா, எலுமிச்சம்பழமா?" என்று ஒருநாள் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். படித்தவர், அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சிக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கும் புரிந்தது. ஆவுடை மாமா சொன்னால் சரி என்று ஆகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

பங்குனியில் ஒரு மேட்ச். சாத்தூரில். அன்றைக்கு லாரி எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்றதால் எனக்கு வேலை இல்லை. முதல்முறையாக நானும் வேனில் ஏறினேன். கோல்கீப்பர் மாரீஸ்வரியின் அம்மா செண்பகமும் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு, மகள் விளையாடுவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாய் வந்தாள். அன்றைக்குத் தோற்றுவிட்டோம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அதே வேன். அதே ரிப்பன். பழமும் புதைத்தாயிற்று. புதிதாக என்ன? செண்பகம். அவள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து மகள் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பக்குவமாகத்தான் சொன்னேன். தங்கச்சி, தப்பா நினைக்காத, பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன், நீ மேட்சுக்கு வரவேண்டாம். அவள் அடுப்பில் என்னவோ கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "சரிண்ணே" என்றாள். அடுத்த மேட்ச் எங்கள் ஊரிலேயே நடந்தது. அவள் வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தாளாம். நான் லாரி நடையில் இருந்தேன், பிள்ளைகள் சொன்னார்கள். அன்றைக்கு ஜெயித்துவிட்டோம். பார்த்தீங்களா என்று நான் டீக்கடையில் சொன்னேன். ஆமாம் தம்பி, சொன்னேன். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னேன்.

சித்திரையில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மேட்ச். செண்பகம் வரவில்லை. நான் முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு போனேன். கோமு விளையாடுவதை நான் சரியாகப் பார்த்ததே இல்லையே. அவள் பின்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரி. பந்து வருகிற இடத்தில் மட்டையைப் போட்டுப் படுக்க வைத்து நிறுத்துவாள் பாருங்க, பசு கன்றுக்கு மடி கொடுக்கிற மாதிரி அவ்வளவு நிதானம். அன்றைக்கும் தோற்றுவிட்டோம்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் ஒரு பிள்ளை, மெதுவாகத்தான், பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது: "சாத்தூருக்கும் ஆவுடை மாமா வந்திருந்தாங்கள்லா?" அதற்குப் பிறகு வேனில் பாட்டுப்பெட்டி மட்டும்தான் பாடிக்கொண்டு வந்தது. கோமு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அண்ணாச்சி நேரடியாகச் சொல்லவில்லை. கடைக்குக் கூப்பிட்டு விட்டார். காப்பி வாங்கிக் கொடுத்தார். குடும்ப விஷயம் விசாரித்தார். பிறகு ஒரு சொம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "நீ போட்ட சட்டந்தானப்பா, ஆவுடை" என்றார்.

என் கணக்கேதான். ஒவ்வொரு மேட்சாக நானே விரல் விட்டுப் பார்த்தேன். நான் போகாத இடத்திலெல்லாம் ஜெயம். நான் போன இரண்டு இடத்திலும் தோல்வி. தம்பி, பெற்ற அப்பன் உள்ளே கால் வைத்தால் மகள் தோற்கிறாள் என்றால் அந்த அப்பன் எங்கே போய் நிற்பான்? தெருவில் நடந்தால் எல்லாரும் என் காலைப் பார்க்கிற மாதிரி இருந்தது. டீக்கடைக்குப் போவதை விட்டேன். என் பெண்டாட்டி மட்டும், "நீங்க கொண்டாந்த தண்ணியிலதான் நான் சோறு வடிக்கேன், அது குழைஞ்சா போச்சு?" என்று கேட்டாள். அவளுக்கு ஹாக்கி தெரியாது.

மேட்சுக்குப் போவதை மட்டுமா விட்டேன்? மைதானத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். தண்ணீர் விடுவதையும் நிறுத்தினேன். மிஞ்சியதை ஓடையில் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சார் லாரியை வழிமறித்து நிறுத்தினார். "என்ன ஆவுடையப்பன், சித்திரை வெயில்ல தரை மாவா கெடக்கு. பந்து தத்திக்கிட்டு, சேத்துல சிக்கின மாதிரி வருது. பிள்ளைக கண்ணைக் கசக்கிக்கிட்டு விளையாடுதுக. தண்ணி விட வாங்க" என்றார்.

சார், என் கை பட்ட தண்ணீர் பிள்ளைகளுக்கு வேண்டாம் சார் என்றேன்.

அவர் லாரிக்கு வழிவிட்டு விலகினார். பிறகு ஒருமுறை, கோமு கேட்கச் சொல்லியிருப்பாள் போல, வீட்டுக்கே வந்தார். நான் லாரி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியும், வாசலில்தான் லாரி நின்றது. பிள்ளைகளுக்குப் பந்து நிறுத்துகிற பழக்கமே கெட்டுப்போய்விட்டது, ஒன்றரை மாசமாகப் புழுதியில் விளையாடிக் கை தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் என்றால் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தானே வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு மேட்ச் ஜெயித்துவிட்டார்களே! ஒன்றில் கடைசி நிமிஷத்தில் எதிராளிப் பிள்ளை தன் காலிலேயே பந்தை வாங்கி எங்களுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டது, இன்னொன்றில் மழை வந்து சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எப்படி வந்தால் என்ன, ஜெயம் ஜெயம்தானே? நான் விலகியிருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம்.

இன்றைக்கு ஃபைனல். வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் வேனில் போனதும் நான் பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் போனேன். மைதானத்துக்கு உள்ளே போகவில்லை. சுவர் உயரமான சுவர். வெளியே கரும்புச்சாறு பிழிகிற வண்டி நின்றது. அதன் குடை நிழலில் ஒண்டிக்கொண்டேன். உள்ளே மைக்கில் சொல்வது எதிரொலித்து ஒன்றும் விளங்கவில்லை. விசில் சத்தமும் மட்டை மோதுகிற சத்தமும் கேட்டன. எந்தச் சத்தம் என் பிள்ளையுடைய மட்டை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

பாதி ஆட்டத்தில் ஒருத்தி வெளியே வந்தாள். செண்பகம். இந்தத் தடவை அவளை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்கிற ஆள்தான் வெளியே நின்றேனே. அவள் ஒரு தண்ணீர் பாக்கெட்டை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள்.

"எப்படி இருக்குண்ணே, வெளிய நிக்கிறது?" என்றாள்.

குத்தலாகக் கேட்டாளா, கரிசனமாகக் கேட்டாளா என்று இப்போதுவரை எனக்குத் தெரியவில்லை. நான் பாக்கெட்டைக் கடித்துத் தண்ணீரைக் குடித்தேன். இரண்டு பேரும் இன்னும் கோல் போடவில்லை என்றாள். இங்கே காலையில் தண்ணீர் விட்டுத் தரையைக் கல்லு மாதிரி வைத்திருக்கிறார்கள், பந்து வழுக்கிக்கொண்டு வருகிறது, நம் பிள்ளைகளுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது, மாரீஸ்வரிதான் விழுந்து விழுந்து பிடிக்கிறாள் என்றாள். விசில் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான், தம்பி.

ஆட்டம் முடிகிற நேரம் இருக்கும். உள்ளே ஒரு சத்தம் கிளம்பியது. பெரிய சத்தம். எங்கள் பிள்ளைகள் கோல் போட்டால் எப்படிக் கத்துவார்கள் என்று எனக்குத் தெரியும், சித்திரையில் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. உள்ளூர்க்காரர்களின் சத்தம். மேளம் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீள விசில். முடிந்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும் சொல்லுங்க. ஐயோ என் பிள்ளை என்றுதானே தோன்றவேண்டும்? எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் உள்ளே இல்லை. அதுதான் தோன்றியது. நான் சுவருக்கு வெளியே நிற்கிறேன், அப்படியும் தோற்றுவிட்டார்கள், அப்படியானால் நான் இல்லை. என் கால் இல்லை. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லாரித் தண்ணீரை யாரோ திறந்துவிட்ட மாதிரி, தம்பி, அப்படி இறங்கியது பாரம். சித்திரையிலிருந்து பசி ருசி இல்லாமல் கிடந்த ஆள் நான். வண்டிக்காரனைப் பார்த்து, அண்ணே, ஐஸ் போட்டு ஒரு சாறு கொடுங்க என்றேன். பெரிய கிளாஸாகக் கேட்டு வாங்கினேன். எலுமிச்சை, இஞ்சி எல்லாம் போட்டுக் கொடுத்தான். ஒரே மூச்சில் குடித்தேன். அப்படி ஒரு இனிப்பை நான் என் ஆயுசில் குடித்ததில்லை.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் செண்பகம் வாசலில் நிற்கிறாள். அவள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாயோரத்தில் சாறு ஒட்டியிருந்ததா என்னவோ, நானும் துடைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். அண்ணாச்சி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் பிள்ளைகள். செண்பகம் சொல்லியிருப்பாள் போல, கோமு மட்டும் எல்லாரையும் தாண்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். முட்டியெல்லாம் செம்மண். அவள்தான் கடைசிப் பந்தை விட்டவள் என்று அப்போது எனக்குத் தெரியாது. மட்டையை வைத்தாளாம், பந்து அடியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டதாம். அழுதுகொண்டுதான் வந்தாள். ஆனால் குரல் மட்டும் தெளிவாக, அண்ணாச்சிக்கும் வேன் டிரைவருக்கும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற மாதிரி கேட்டாள்:

"அப்பா, நீங்க உள்ள வரலைல்லா?"

"இல்லம்மா" என்றேன்.

"வெளியதான நின்னீங்க? முழு மேட்சும்?"

"ஆமா."

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள். அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்தார். தோற்ற பிள்ளை, தம்பி. கோப்பையைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளை. அவளுக்கு முதலில் தோன்றியது அப்பனுடைய பெயர். அப்பனுக்கு முதலில் தோன்றியதும் அப்பனுடைய பெயர்தான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், வேர்வையில் நனைந்திருந்தது. வண்டிக்காரனிடம் திரும்பி, "அண்ணே, எங்கப்பாவுக்கு ஒரு சாறு குடுங்க, மத்தியானத்துலருந்து வெயில்ல நிக்காங்க" என்றாள். வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். சற்று முன்னால்தான் நான் குடித்த கிளாஸ் வாளித் தண்ணீரில் கிடந்தது. நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை. கரும்பை எடுத்து மெஷினில் விட்டான். கோமு கிளாஸை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றாள். செண்பகமும் நின்று பார்த்தாள். அதே கரும்புதான், அதே ஐஸ்தான். அந்த இனிப்பை மட்டும் காணோம்.

வேனில் ஏற மாட்டேன், அப்பாவோடு பஸ்ஸில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்துவிட்டாள். ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "தண்ணி விட்ட தரையில விளையாடியே ரொம்ப நாளாச்சுப்பா. பந்து அவ்வளவு வேகமா வரும்னு மறந்தே போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே இது எத்தனை நாளைக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு லாரியைக் கொண்டு வாங்கப்பா" என்றாள். என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாள், பாவம். நான் 'உம்' கொட்டினேன், அவ்வளவுதான். அதற்குள் தூங்கிவிட்டாள்.

இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டு வரும்போதே மனசு என்ன செய்கிறது தெரியுமா, தம்பி? கணக்குப் போடுகிறது. அதே வேன், அதே ரிப்பன், பழமும் புதைத்தாயிற்று, நான் வெளியே. அப்படியானால் இன்றைக்கு உள்ளே யார் என்று தேடுகிறது. செண்பகம் உள்ளேதான் இருந்தாள் என்று வந்து நிற்கிறது. தண்ணீர் பாக்கெட் கொடுத்த கையைப் பற்றி இப்படி நினைக்கிறேன். செருப்பால் அடிக்கவேண்டும் என்னை. நினைக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறேன், அதுபாட்டுக்கு ஓடுகிறது.

நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒன்று சொல்லுங்க. நாளைக்குக் கடைசி நடை முடிந்ததும் லாரியை மைதானத்துக்கு விடலாமா? எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர்தான். ஆனால் என் கை...

இருங்க, இருங்க. அசைகிறாள். முழித்துவிட்டாள் போல. தம்பி, வேறு ஏதாவது பேசுங்க. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?